கண்ணின் கணக்கு 24 இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கணினி விளையாட்டுகள் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பெற்றோருக்கு யோசனை சொல்லும் கட்டுரை. பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நடுவில் ஒரு வரி: மனிதக் கண்ணால் நொடிக்கு 24 படங்களுக்கு மேல் பிரித்துப் பார்க்க முடியாதாம், ஆகவே 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு அத்தனை தரம் படம் மாறும் திரை) என்பதெல்லாம் பிள்ளைகளின் ஆசையைக் காசாக்கும் வித்தையாம். என் தங்கை அந்த வரிக்குப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தையே கத்தரித்து, மகனுடைய மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள். அவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டுகள் இரண்டும் ஆடுகிறவன். அன்று ராத்திரியே எனக்குப் போன் வந்தது. "மாமா, பேப்பர்லயே போட்டுட்டாங்க. இனிமே நீங்கதான் பேசணும்" என்றான்.

சரி, பேசுகிறேன். கடிதம் நீளமாகப் போனால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கேபிள் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

திருச்சி பாலக்கரையில் 1986லிருந்து 30 வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவன் நான். கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து, கலர், அப்புறம் கம்ப்யூட்டர் மானிட்டர், கடைசியில் சுவரில் மாட்டும் தட்டை டி.வி. வரைக்கும் திறந்து பார்த்தாயிற்று. திரையில் படம் எப்படி உண்டாகிறது என்பதைப் பாதி புத்தகத்தில் படித்தேன், மீதியை ஷாக் வாங்கித் தெரிந்துகொண்டேன்.

இந்த 24 கண் டாக்டர்கள் சொன்ன எண் இல்லை. சினிமாக்காரர்கள் வைத்தது. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஆளுக்கு ஆள் வேகம் மாறும், யாரும் கவலைப்படவில்லை. 1920களின் கடைசியில் படம் பேச ஆரம்பித்ததும் ஒலியும் அதே ஃபிலிமில் ஓட வேண்டியதாயிற்று. வேகம் கூடிக் குறைந்தால் பாட்டு இழுபடும். ஒரே வேகம் வேண்டும், ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும், ஃபிலிமும் கன்னாபின்னாவென்று செலவாகக் கூடாது. இந்தப் பேரத்தில் படிந்த எண்தான் 24. அப்போதும் தியேட்டர் திரையில் 24 தடவை மட்டும் வெளிச்சம் விழவில்லை. புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை, சிலவற்றில் மூன்று முறை மறைத்து மறைத்துக் காட்டும். 48 அல்லது 72 மினுக்கு. வெறும் 24 என்றால் முதல் ரீல் முடிவதற்குள் ஜனங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள்.

நம் டி.வி.யும் அப்படியே. 625 கோடு, நொடிக்கு 25 படம் என்று சொல்வோம். ஆனால் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தரம், இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தரம் என்று ஒரே படத்தை இரண்டாகப் பிரித்து, நொடிக்கு 50 தரம் வரைந்தார்கள். 24க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்றால் அந்தக் காலத்து இன்ஜினியர்கள் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தரம் மங்கி எரிகிறது. அதன் அடியில் ஒரு எவர்சில்வர் கரண்டியை வேகமாக ஆட்டுங்கள். ஒரே இழுப்பாகத் தெரியாது, கரண்டி கரண்டியாக விட்டு விட்டுத் தெரியும். கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் சுலபம். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பை வேகமாக வட்டம் சுற்றுங்கள். 60 ஹெர்ட்ஸில் அம்புகள் இடைவெளி விட்டு நிற்கும். 144இல் அதே வேகத்தில் சுற்றினால் நெருக்கி நிற்கும். தங்கையை உட்கார வைத்து, ஒரே மானிட்டரில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். "மொதல்ல வெச்சதுல அம்பு கம்மி, இதுல நிறைய இருக்கு" என்றாள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட கண். சுவரில் ஒட்டியதை மட்டும் இன்னும் கிழிக்கவில்லை.

சினிமாவில் 24 ஏன் உறுத்துவதில்லை என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் ஓடுகிறவன் ஃபிலிமிலேயே கொஞ்சம் இழுபட்டுப் பதிகிறான். அந்த இழுவைதான் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒட்டவைக்கிறது. விளையாட்டில் கம்ப்யூட்டர் வரையும் ஒவ்வொரு படமும் ஒரு கணத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், சினிமாவில் கதாநாயகனின் தலையை நாம் திருப்புவதில்லை. இங்கே கை மவுஸில் இருக்கிறது.

ஆகவே கண் எத்தனை படம் பார்க்கும் என்பதை விட, பார்க்கிற படம் எவ்வளவு பழையது என்பதே துப்பாக்கி விளையாட்டில் பெரிய விஷயம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. சுவர் முனையில் ஒருவன் தலை நீட்டுகிறான். திரை அப்போதுதான் மாறி முடிந்தது என்றால், அடுத்த மாற்றம் வரும் வரைக்கும் உங்களைப் பொறுத்தவரை அவன் அங்கே இல்லவே இல்லை. இன்னொன்றும் உண்டு, திரையைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும்: திரை முழுவதும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. பிக்சர் டியூபிலும் சரி, இன்றைய எல்.சி.டி.யிலும் சரி, மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் எழுதிக்கொண்டு போகும். குறிவைக்கும் புள்ளியோ திரையின் நடுவில். 60 ஹெர்ட்ஸில் அந்த நடுவுக்கு வந்து சேரவே 8 மில்லி செகண்ட் ஆகிவிடுகிறது.

"திருச்சியிலிருந்து மும்பையில் இருக்கும் விளையாட்டு சர்வருக்குத் தகவல் போய்வரும் பிங்கே முப்பது நாற்பது மில்லி செகண்ட் ஆகிறது, இதில் பத்து மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது" என்று என் பழைய கடைக்காரத் தோழர் ஒருவர் கேட்டார். பஸ் லேட்டாக வருகிறது என்பதற்காக நாமும் ஸ்டாப்புக்கு லேட்டாகப் போகலாமா? வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 தரம் கணக்குப் போடுகிறது. அவ்வளவு நறுக்கி அனுப்புவதை 60 ஹெர்ட்ஸ் திரை பாதிக்கு மேல் காட்டாமலே விழுங்கிவிடும்.

எல்.சி.டி.க்கு இன்னொரு குணம். பிக்சர் டியூபில் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்து உடனே அணைந்துவிடும். எல்.சி.டி.யில் அடுத்த படம் வரும் வரைக்கும் எரிந்துகொண்டே நிற்கும். நகரும் ஆளைக் கண் தொடர்ந்து போகும்போது, நிற்கிற படம் விழித்திரையில் இழுபடுகிறது. நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் ஒருவன் ஓடினால், 60 ஹெர்ட்ஸில் அவன் உடம்பு 16 புள்ளி அகலத்துக்கு மங்கும், 144இல் ஏழுக்குள். மங்கிய தலையைக் குறிவைப்பதற்கும் தெளிந்த தலையைக் குறிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் இன்றைக்கு வந்த புதுசும் இல்லை. 2004, 2005 வாக்கில் எங்கள் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பன்னிரண்டு மானிட்டர், எல்லாம் 17 இன்ச் டியூப். அத்தனைக்கும் நான்தான் டாக்டர். சாயங்காலமானால் காலேஜ் பையன்கள் கும்பலாக வந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடுவார்கள். "அண்ணே, 100 ஹெர்ட்ஸ் வெச்சுக் குடுங்க" என்பார்கள். 1024க்கு 768 என்று வைத்தால் அந்த மானிட்டர் 85க்கு மேல் போகாது. நொடிக்கு 70 ஆயிரம் கோடுகளுக்கு மேல் அதால் வரைய முடியாது. 768 கோடும், கதிர் கீழிருந்து மேலே திரும்பும் நேரமும் சேர்த்து 85 தரம் வரைந்தாலே 68 ஆயிரத்தைத் தாண்டிவிடும். 800க்கு 600 என்று இறக்கினால் 100 தரம் வரைந்தும் 64 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பையன்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் 800க்கு 600 வைத்தால் 100 கிடைக்கும், 100 கிடைத்தால் எதிரி குதித்துக் குதித்து வராமல் வழுக்கிக்கொண்டு வருவான் என்பது தெரியும். ஒருவன் எல்லைக்கு மேல் என்னவோ வைத்துவிட்டுப் போக, மானிட்டர் கீச்சென்று கத்தி, ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஓனர் திட்டியது அவனை இல்லை, என்னை.

விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொரு கூத்து. டெஸ்க்டாப்பில் 100 வைத்திருந்தாலும், விளையாட்டைத் திறந்ததும் சத்தமில்லாமல் 60க்கு இறங்கிவிடும். அதைப் பூட்டி வைக்க ஒரு குட்டி புரோகிராமைப் பையன்கள் ஃப்ளாப்பியில் கொண்டுவருவார்கள். அதற்கும் முன்னால் 1999இல் வந்த க்வேக் 3 அரீனாவில், நொடிக்கு 125 படம் ஓடினால் ஆள் கொஞ்சம் அதிக உயரம் குதிப்பான். பின்னத்தை முழு எண்ணாக்கும் கணக்கில் வந்த கோளாறு அது. ஆடுகிறவர்கள் அதைக் கண்டுபிடித்து 125க்கே பூட்டி வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத எண் என்றால் இத்தனை பேர் இத்தனை வருஷமாக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

இப்போது கேபிள் கதை. 2023 தீபாவளிக்குத் தங்கை மகனுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினோம். 14,500 ரூபாய், அதில் 4,000 என்னுடையது. கடைப் பையன் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். "ரொம்ப ஸ்மூத்தா இருக்கு மாமா" என்று இவன் போனில் சொன்னான். நானும் நம்பினேன். அடுத்த ஆடி மாசம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அறை வாசலில் நின்றபடியே திரையில் அம்பு நகர்வதைப் பார்த்தேன். "டேய், இது 144 இல்லடா" என்றேன். அட்டைப்பெட்டியை எடுத்துவந்து அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினான். நான் விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்ஸ் போய், அட்வான்ஸ்டு டிஸ்பிளே திறந்து, ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டினேன். 60. மாற்றலாம் என்று பட்டியலைத் திறந்தால் 60, 75 இரண்டுதான் இருந்தன.

கேபினெட்டைத் திருப்பினோம். கடைப் பையன் பழைய மானிட்டருடைய எச்.டி.எம்.ஐ. கேபிளையே எடுத்து, மேலே மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் செருகியிருந்தான். நான்கு விரல் கீழே கிராபிக்ஸ் கார்டு, விளையாட்டுப் படங்களை வரைவதற்கென்றே தனியாகக் காசு கொடுத்து வாங்கியது, பின்னால் ஒன்றும் மாட்டாமல் தேமே என்று இருந்தது. மானிட்டர் பெட்டிக்குள் டிஸ்பிளே போர்ட் கேபிள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து கார்டில் மாட்டினோம். பட்டியலில் 144 வந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, அவன் வேலரன்ட்டைத் திறந்து, பயிற்சி அறையில் ஒருமுறை இப்படியும் அப்படியும் திரும்பினான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "எட்டு மாசம் போச்சே மாமா" என்றான்.

எட்டு மாசம் ஸ்மூத்தாக இருந்ததே என்று கேட்டேன். பதில் வரவில்லை.

உங்கள் வாசகர்கள் வீட்டில் 120, 144 என்று எழுதிய மானிட்டரோ லேப்டாப்போ இருந்தால், இன்று சாயங்காலமே இரண்டு நிமிஷம் ஒதுக்கி அந்த ரெஃப்ரெஷ் ரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புது மானிட்டர் மாட்டினால் பல நேரம் விண்டோஸ் 60இலேயே நின்றுகொண்டிருக்கும்; நாம்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. திரை 144 தரம் மாறத் தயார். ஆனால் கம்ப்யூட்டர் 144 படம் வரைந்து கொடுக்க வேண்டுமே. ஹெர்ட்ஸ் வேறு, எஃப்.பி.எஸ். (கம்ப்யூட்டர் நொடிக்கு வரையும் படங்கள்) வேறு. ஓட்டலில் சர்வர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மாஸ்டர் கல்லிலிருந்து தோசை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை 200 எஃப்.பி.எஸ்.ஸில் ஓட்டிய அதே பெட்டி, 2023 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் 90ஐத் தொடவே மூச்சு வாங்கியது. புகைக் குண்டு வெடித்தால் 50. சராசரி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சண்டை நடக்கிற அந்த ஒரு நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து புளோவர் அடித்தேன். அறையில் ஒரு வருஷத் தூசி பறந்தது, தங்கை கத்தினாள். உள்ளே ரேம் ஒற்றையாக 8 ஜி.பி. இருந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கி ஜோடியாகப் போட்டோம். நாங்கள் செய்ததிலேயே அதிகம் பலன் கொடுத்தது அதுதான், அதிலும் அந்த 50க்கு விழுவது வெகுவாகக் குறைந்தது. அப்புறம் அவனே ரெசல்யூஷனை 1280க்கு 960 என்று இறக்கி, அகலத் திரை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டான். நிறையத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அப்படித்தான் வைக்கிறார்களாம். வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600லிருந்து 12,28,800 ஆகக் குறைகின்றன. எதிரி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரிவான். அதே அளவு வேகமாகத் திரையைக் கடந்தும் போவான். பக்கவாட்டில் பார்வை 106 டிகிரியிலிருந்து 90க்குச் சுருங்கிவிடும். இது லாபமா நஷ்டமா என்று மாமனும் மருமகனும் இன்னும் தீர்க்கவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அகல டி.வி. வந்த புதிதில், "எல்லாரும் குண்டு குண்டா தெரியறாங்க, சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லாத வீடு கிடையாது. அதைச் சரி செய்தே சம்பாதித்தேன். இப்போது இவன் வேண்டுமென்றே குண்டாக்குகிறான்.

இன்னொரு தவறு அவன் செய்துகொண்டிருந்தான்: கார்டை முழு மூச்சில் ஓட விடுவது. அதிக எஃப்.பி.எஸ். நல்லதுதானே என்று தோன்றும். மறுபடியும் ஓட்டலுக்கே வாருங்கள். கல் நிறைந்து கிடக்கும்போது ஆர்டர் எடுப்பவர் சும்மா இருக்காமல் மூன்று ஆர்டரை முன்கூட்டியே எழுதி வரிசையில் வைத்துவிடுகிறார். நீங்கள் மனசு மாறி ரவா தோசை கேட்டால், பழைய ஆர்டரெல்லாம் வந்து முடிந்த பிறகுதான் அது வரும். அதாவது மவுஸை இப்போது திருப்பினாலும் திரையில் வருவது திருப்புவதற்கு முன்னால் எழுதிய படம். கார்டு 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது இந்த வரிசை சேர்கிறது. கார்டு கொஞ்சம் மூச்சு விடும் அளவில் எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஒரு வரம்பு கட்டினால் வரிசை கரையும். என்விடியா 2020இல் ரிஃப்ளெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்ததும் இதற்குத்தான். கல் காலியாகும் நேரம் பார்த்து ஆர்டர் எடுக்கச் சொல்கிறது. வேலரன்ட்டிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இலும் அது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. திரை மாறும் நேரம் வரைக்கும் படத்தைக் காக்க வைக்கும் வி-சிங்க்கை மட்டும் தனியாகப் போட்டு வைப்பது இதற்கு நேர் எதிர். படம் குறுக்கே கிழிபடாது, ஆனால் தோசை தட்டிலேயே ஆறும்.

இனி சொல்லப்போவதில் ஹெர்ட்ஸும் இல்லை, எஃப்.பி.எஸ்.ஸும் இல்லை.

1985இல் எனக்கு ரயில்வே மெடிக்கல். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். எனக்கும் அங்கேதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை டாக்டர் விரித்தார். இஷிஹாரா டெஸ்ட். மற்றவர்களுக்கு 74 என்று தெரியும் பக்கம் எனக்கு 21 என்று தெரிந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே என் கண் தடுமாறும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். வேலை போயிற்று, டி.வி. கற்றுக்கொண்டேன். ரெசிஸ்டரில் கலர் பட்டைகளைப் படிக்க முடியாமல் மல்டிமீட்டர் வைத்தே 30 வருஷம் ஓட்டினேன். வாடிக்கையாளர் ஒருவருக்கும் சொன்னதில்லை. கலர் சரிசெய்யும்போது வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெச்சுக்குங்கம்மா" என்பேன். மரியாதை தெரிந்தவன் என்று பேர்.

144 ஹெர்ட்ஸும் ரேமும் எல்லாம் ஆன பிறகும், வேலரன்ட்டில் லோட்டஸ் என்ற இடத்தில் தங்கை மகன் செத்துக்கொண்டே இருந்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பதாக வைத்திருக்கும் களம் அது. பழைய கோயில் போல் கல்லும் செடிகொடியும். "அவன் அங்க நிக்கறதே தெரியல மாமா. டீம்ல எல்லாருக்கும் தெரியுது" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எதிரியைச் சுற்றி ஒரு சிவப்பு விளிம்பு இருக்கும் என்றான். இவனுக்கு அது எப்போதாவதுதான் தெரியுமாம், மானிட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குச் சட்டென்று உறைத்தது. என் செல்போனில் அந்த இஷிஹாரா பக்கத்தைத் தேடி எடுத்து, "இது என்ன நம்பர்?" என்று நீட்டினேன்.

"21" என்றான்.

இது தாய் வழியில் இறங்கும் குறை. பெரும்பாலும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு வந்துவிடும். எங்கள் அம்மா எனக்குக் கொடுத்தார், தங்கை இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். வேலரன்ட் செட்டிங்ஸில் எனிமி ஹைலைட் கலர் என்று ஒன்று உண்டு. சிவப்பு, ஊதா, இரண்டு விதமாக மஞ்சள். கண் குறை உள்ளவர்களுக்காகவே வைத்தது. குறை இல்லாதவர்களிலும் பலர் சிவப்பு வேண்டாமென்று மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். மஞ்சள் வைத்தோம். அதே கல், அதே கொடி, அதன் நடுவே ஒருவன் தோரணம் கட்டின மாதிரி நின்றுகொண்டிருந்தான். 14,500 ரூபாய் மானிட்டர் கொடுத்ததை விட, காசே இல்லாத அந்த ஒரு கிளிக் அவனுக்கு அதிகம் கொடுத்தது என்பது என் கணிப்பு. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

உங்கள் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாங்காதீர்கள் என்று அவர் சொன்னதில் நிறைய இடத்தில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் தப்பு. 60லிருந்து 144க்குப் போனால் படத்துக்குப் படம் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். 144லிருந்து 240க்குப் போனால் 3 கூட இல்லை. 240லிருந்து 360க்கு 1.4. விலையோ எதிர்த்திசையில் ஏறுகிறது. என் கண்ணுக்கு 144 வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. ஒரு கடையில் 240ஐப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. டி.வி.யில் விளையாட்டுப் பெட்டியை மாட்டி ஆடும் வீடுகளில் புதுசாக எதையும் வாங்க வேண்டாம், டி.வி.யின் மெனுவில் கேம் மோடைப் போட்டால் போதும். படத்தை அழகாக்குகிறேன் என்று டி.வி. உள்ளே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும். செல்போனில் பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற பிள்ளைகள் கிராபிக்ஸை ஸ்மூத்தில் வைத்து ஃப்ரேம் ரேட்டைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள், சரியான காரியம்தான். சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடினால் போன் சூடேறி அந்த ஃப்ரேமும் இறங்கிவிடும் என்பதை மட்டும் யாராவது சொல்லி வையுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட முடியுமானால் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும், நான் கத்தரித்துச் சுவரில் பழையதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன். ஆனால் அதில் "240 வாங்கலாம்" என்கிற மாதிரி எதுவும் வந்துவிட வேண்டாம். அவன் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு பழைய டி.வி. மெக்கானிக்,
பாலக்கரை, திருச்சி.

பி.கு.: கட்டுரைக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் மேலே மதர்போர்டு ஓட்டையில் இருக்கிறது, கார்டு கீழே காலியாக இருக்கிறது. அது உங்கள் அலுவலகத்துப் பெட்டி என்றால், யாரையாவது அனுப்பி மாற்றி மாட்டச் சொல்லுங்கள்.